கருமருந்து ரிவால்வரில் வேட்டைக்குப் போகும்போது மருந்தை முழுக்க அடைப்பதுதான் சிறந்ததா?

இல்லை. இந்தத் துப்பாக்கியில் சுழலும் சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் கருமருந்தையும் (பழைய வகை வெடிமருந்து) குண்டையும் நாமே அடைக்கிறோம். அறை கொள்ளும் மட்டும் மருந்தை அடைத்தால் குண்டின் வேகம் கூடும். ஆனால் பெரும்பாலும் குறி சிதறத் தொடங்கும். விலங்கைக் காயத்தோடு தவிக்கவிடாமல் வீழ்த்துவது வேட்டைக்காரரின் முதல் கடமை. அதனால் நான் துல்லியத்தையே முதலில் பார்ப்பேன்.

தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, குண்டுகள் நெருக்கமாக விழும் அளவில் நிறுத்துங்கள். உச்ச வரம்பைத் தாண்டவே வேண்டாம். 1847-இல் வந்த கோல்ட் வாக்கர் என்ற ரிவால்வர் ஓர் அறைக்கு 60 கிரெயின் (மருந்தை அளக்கும் சிறு எடை அலகு) வரை கொண்டது. சில சிலிண்டர்கள் வெடித்தே போயின. அடுத்து வந்த கோல்ட் டிராகூன் ரிவால்வரில் அதை 50 கிரெயின் அளவுக்குக் குறைத்தார்கள்.

அப்புறம் குண்டு. உருண்டையைவிட நீள்குண்டு கனமானது, ஆழமாக ஊடுருவும். ஆனால் அறையில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மருந்து குறையும். எதுவானாலும் மென்மையான ஈயமாக, அறையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் சீவி வரவேண்டும். வராவிட்டால் பக்கத்து அறையும் தீப்பிடிக்கக்கூடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி கூடாது. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள், துப்பாக்கியே சிதறிவிடும்.