செவலைக்கு என்ன செய்வது?

அன்புள்ள அக்கா,

வணக்கம். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ஒரு ரிக் வண்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். நாங்கள் வீடு கட்டும்போது ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி கிடந்தது. கிரகப்பிரவேசத்தன்று எங்களுக்கு முன்னால் உள்ளே போனது அதுதான். நாட்டு நாய், பெட்டை, பேர் செவலை. பதினொரு வயது ஆகிறது.

ஆறேழு மாதமாகத் தண்ணீர் நிறையக் குடித்தது, உடம்பும் இளைத்தது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். போன வாரம் சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அப்புறம் ஒரே வாந்தி. தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுமாமே, அந்தக் கிரியேட்டினின் 7.8. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஒரு வாரம் அங்கேயே வைத்து டிரிப்ஸ் போட வேண்டும், ஒரு நாளைக்கு 3,500 ரூபாய். அதற்கும் இறங்காவிட்டால் சென்னைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ். எல்லாம் சேர்த்து எழுபதாயிரம் வரை தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்.

என் சம்பளம் 24,000. அடுத்த மாதம் பாப்பாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். கையில் இருப்பது வீட்டில் சீட்டு எடுத்த பணம் மட்டும்தான். பாப்பா தன் செயினைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டாள். அண்ணன், "நாய்க்குப் போய் எழுபதாயிரமா? வெள்ளைக்காரன் மாதிரி ஆடாதே" என்கிறார். பக்கத்து வீட்டில் ஊசி போட்டு முடித்துவிடச் சொல்கிறார்கள். அது பாவமில்லையா?

எங்கம்மாவுக்கு என்றால் யோசிக்காமல் கடன் வாங்கியிருப்பேன். இதற்கு யோசிக்கிறேன். அப்படியென்றால் இத்தனை வருடம் "எங்க வீட்டுல ஒருத்தி" என்று சொன்னதெல்லாம் பொய்தானா? மத்தியானமானால் வேலியோரம் வேப்பமரத்தடி மணலில்தான் படுக்கும். இப்போது அதுவரை நடக்கத் தெம்பில்லாமல் வாசல்படியில் கிடக்கிறது. ராத்திரி எழுந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று இரவு உங்கள் கடிதத்தைப் படித்தேன். இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று காலையில் முதல் வேலையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. முப்பது வருடமாக நாய் வளர்ப்பவள், அதில் ஒன்றை இதே நோயில் பறிகொடுத்தவள். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். "இது திடீரென்று வந்ததா, நாள்பட்டதா?" நாய்க்குக் கிட்னி கெடுவது இரண்டு விதம். எலிக்காய்ச்சல் வந்தோ, உலர்திராட்சை தின்றோ, மனிதர்களுக்கான வலி மாத்திரையை யாராவது கொடுத்தோ சட்டென்று செயலிழப்பது ஒரு விதம். அதில் கிட்னி தேறி வர வாய்ப்பு உண்டு. அது தேறும் வரைக்கும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் டிரிப்ஸும் டயாலிசிஸும். அங்கே செலவழிக்கிற பணம் ஒரு உயிரைத் திருப்பிக் கொண்டுவரலாம். இன்னொன்று வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே தேய்வது. முக்கால்வாசி வேலை நின்ற பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறவே தொடங்கும். அதற்கு முன்னால் தெரிகிற அடையாளம், நீங்கள் எழுதியிருப்பதுதான்: நிறையத் தண்ணீர், நிறைய மூத்திரம், மெல்ல மெல்ல இளைப்பு. வயசுதான் காரணம் என்று நினைத்தது உங்கள் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், நானும் நினைத்தேன்.

சுருங்கிய கிட்னி, ஆறேழு மாதத் தாகம், 7.8. நாயின் கிட்னி நோயை மருத்துவர்கள் நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். கிரியேட்டினின் ஐந்தைத் தாண்டினால் கடைசி நிலை. சில சமயம் பழைய நோயின் மேல் புதிதாக ஒரு தொற்றோ, உடம்பில் நீர் வற்றிப்போனதோ சேர்ந்து எண்ணைத் தூக்கிவிடும். அப்படியானால் இரண்டு மூன்று நாள் டிரிப்ஸில் கொஞ்சம் இறங்கும். அதனால் டிரிப்ஸே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தேய்ந்துபோன கிட்னிக்கு டயாலிசிஸ் என்றால் மனிதர்களுக்குச் செய்வது மாதிரி வாராவாரம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து சென்னைக்கு வாந்தியெடுக்கிற நாயை எத்தனை முறை கொண்டுபோவீர்கள்?

என் பொன்னியைப் பற்றிச் சொல்கிறேன்.

2015இல் நடந்தது. அவளுக்கு ஒன்பது வயது. என் ஸ்கூட்டரில் முன்னால் கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு பெரம்பூர் முழுக்கச் சுற்றியவள். ஆணியில் மாட்டியிருக்கும் சாவியை எடுத்தால் போதும், அந்தச் சத்தத்துக்கு எந்த அறையில் இருந்தாலும் ஓடி வந்து வாசலில் நிற்பாள். இதே நோய்தான் வந்தது. ஒரு கிளினிக்கில் சேர்த்தேன். பகலெல்லாம் அங்கே டிரிப்ஸ், ராத்திரி வீடு, காலையில் மறுபடி கிளினிக். பதினொரு நாள். முன்னங்காலில் ஊசி செருகி பிளாஸ்டர் சுற்றியிருப்பார்கள். நரம்பு வீங்கினால் அடுத்த காலுக்கு மாற்றுவார்கள். பிளாஸ்டரைப் பிய்க்கும்போது முடியும் சேர்ந்து வரும். அவள் ஒரு முறைகூடக் கடிக்கவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். எட்டாம் நாள் காலையில் நான் சாவியை எடுத்தேன். அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நிறுத்தியிருக்க வேண்டும். நான் அவளை இழுத்து வெளியே எடுத்து, தூக்கிக்கொண்டு போனேன். இன்னும் மூன்று நாள். வளையல் இரண்டை அடகு வைத்து 46,000 செலவு செய்தேன். பணம் போனதற்காக நான் ஒரு நாளும் அழவில்லை. கட்டிலுக்கடியில் இருந்து இழுத்தேனே, அதற்கு இன்றைக்கும் அழுகை வருகிறது. அவளுக்கு இது ஆறாத நோய் என்று அந்தக் கிளினிக்கில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தேன்.

அம்மாவுக்கு என்றால் யோசித்திருக்க மாட்டேன், செவலைக்கு யோசிக்கிறேன் என்று வருத்தப்படுகிறீர்கள். அம்மாவுக்கு ஊசி குத்தினால் எதற்குக் குத்துகிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். "சரிப்பா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று சொல்ல முடியும். "போதும்டா, வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றும் சொல்ல முடியும். பேத்தி கல்யாணத்தைப் பார்க்கணும் என்று வலியைப் பொறுத்துக்கொள்ளவும் முடியும். செவலைக்கு அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு வாந்தி வந்ததா, இன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா, அவ்வளவுதான் அவள் கணக்கு. கம்பிக் கூண்டுக்குள், தெரியாதவர்கள் கையில், ஏன் என்று புரியாமல் படுகிற வலி அவளுக்கு வெறும் வலிதான். அதற்குப் பின்னால் அவளுக்கு நம்பிக்கை எதுவும் கிடையாது. அதனால் நீங்கள் யோசிப்பது சரி. யோசிக்காமல் பணத்தைக் கட்டியிருந்தால்தான் கவலைப்படுவேன். அவளை வீட்டில் ஒருத்தி என்று சொன்னது பொய்யில்லை தம்பி. வாய் பேசாத ஒருத்திக்காக நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அந்தப் பாரம்தான் உங்களைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

இதை வைத்து நாய்க்குச் செலவே செய்யக் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வளர்த்த இன்னொரு நாய் மீனுவுக்கு ஏழு வயதில் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தது. கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு வயது ஏறினால் அடிக்கடி வருகிற நோய். உடனே அறுவை சிகிச்சை செய்து கர்ப்பப்பையை எடுக்காவிட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும். எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அன்றே கடன் வாங்கிச் செய்தேன். பத்தே நாளில் தையல் பிரித்து, அதற்குப் பிறகு ஐந்து வருடம் மொட்டை மாடியில் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். குட்டிகளுக்கு வருகிற பார்வோ என்ற வைரஸ் நோய், அடிபட்டுக் கால் உடைவது, உண்ணிக்காய்ச்சல், இதெல்லாம் அந்த வகை. கடந்துவிட்டால் முன்னால் வாழ்க்கை இருக்கிறது. அங்கே பணம் இல்லையென்றால் நாலு பேரிடம் கேட்டாவது செய்ய வேண்டும் என்பேன். செவலையின் நிலைமை அது மாதிரி தெரியவில்லை.

உங்கள் அண்ணன் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. மிருகத்துக்கு வைத்தியம் பார்ப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது கிடையாது. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் என இரண்டு வகை வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ததாக இருக்கிறது. தன் நாட்டில் மட்டுமின்றி எல்லைக்கு வெளியே சோழர், பாண்டியர் நாடுகளிலும் என்று பேர் சொல்லியே வெட்டியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 2,250 வருடத்துக்கு முன்னால். அண்ணனிடம் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. வெட்கப்படாதீர்கள் என்கிறேன்.

சரி, இனி என்ன செய்யலாம்?

உங்களுக்கு நாமக்கல் பக்கம்தானே. அங்கே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இலிருந்து இருக்கிறது. நம் ஊரில் எல்லோரும் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு, மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். சென்னையில் 1903இல் தொடங்கிய வேப்பேரி கல்லூரிக்கும் இதே பேர்தான். ஆனால் காலையில் போய்ப் பாருங்கள், வரிசையில் பாதிக்கு மேல் நாயும் பூனையும்தான் நிற்கும். கூடைக்குள் கிளி இருக்கும், ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி நிற்பார். தனியார் கிளினிக் செலவில் சிறு பங்குதான் ஆகும். மீனுவுக்கு அறுவை சிகிச்சை செய்தது வேப்பேரியில்தான். காத்திருக்க வேண்டும், மாணவர்கள் நாலைந்து பேர் சூழ்ந்து நிற்பார்கள். அதைப் பொறுத்துக்கொண்டால், பேராசிரியர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ரத்த ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை சீக்கிரமே போய்விடுங்கள்.

அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "சார், என்னால் பத்தாயிரம்தான் முடியும். அதற்குள் இவளுக்கு எது நல்லது?" இதைச் சொல்ல நான் அன்றைக்குக் கூச்சப்பட்டேன். சொல்லியிருந்தால் வேறு வழி காட்டியிருப்பார்கள். வாந்தியை நிறுத்த மருந்து உண்டு. முதுகுத் தோலுக்கு அடியில் குளுக்கோஸ் மாதிரி நீர் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுப்பார்கள், அதற்குப் பெரிய செலவில்லை. என்ன சாப்பாடு என்பதை அவர்களிடமே கேளுங்கள், இறைச்சியும் எலும்பும் போட்டுத் தேற்றுகிறேன் என்று நீங்களாக இறங்காதீர்கள். வீட்டில் இருக்கிற காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் தொடவே வேண்டாம்.

பாப்பாவிடம் செயினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு நாள் தாளிலும் அவள் எழுதட்டும்: இன்றைக்குத் தானாகச் சாப்பிட்டாளா, உங்கள் வண்டிச் சத்தம் கேட்டு வாலை ஆட்டினாளா, ராத்திரி தூங்கினாளா. மூன்றும் இல்லாத நாள் இரண்டு மூன்று தொடர்ந்து வந்தால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் பாப்பாவும் இருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் எதையும் செய்துவிட்டு, "தானா போயிடுச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். என்றைக்காவது அவளுக்குத் தெரியவரும்.

ஊசி பாவமா என்று கேட்டீர்கள். வயதான நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சந்தையில் விட்டுவிட்டு வருகிறார்களே, அது பாவம். ஊசி அப்படியில்லை. நல்ல மருத்துவர் முதலில் மயக்க மருந்து கொடுத்து ஆழ்ந்து தூங்கவைப்பார். அதற்குப் பிறகுதான் இதயத்தை நிறுத்தும் மருந்து. சில நிமிடங்களில் முடிந்துவிடும், அவளுக்கு எதுவும் தெரியாது. மயக்க மருந்து முதலில் கொடுப்பீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் மருத்துவரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். தலையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போய் நின்றுவிடாதீர்கள், தூங்குகிற வரைக்கும் அவள் உங்களைத்தான் தேடுவாள். ஒருவேளை அதற்கு அவசியமே வராமல், ஒரு ராத்திரி அவளே போய்விடலாம். அப்படி நடந்தாலும் நீங்கள் எதையும் குறைத்துவிடவில்லை.

அதுவரைக்கும் ராத்திரி எழுந்து எழுந்து பார்ப்பதற்குப் பதில் பாயை வாசல் பக்கம் போட்டு அவள் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள், கை நீட்டினால் தெரிந்துவிடும். மத்தியானம் யாராவது ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடி மணலில் படுக்கவையுங்கள். மணல் சூடாக இருந்தால் முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

திங்கட்கிழமை நாமக்கல்லில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா