சும்மா கொடுத்தாலும் ஏன் வரவில்லை?

கேள்வி: அமெரிக்காவில் வசதி குறைந்த மாணவர்களுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். பதிந்துகொண்ட பிறகும் பலர் தேர்வுக்கு வருவதில்லையாம். சும்மா கிடைத்தால் யாருக்குத்தான் அருமை தெரியும்?
– ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அந்தச் 'சும்மா'வை முதலில் பார்ப்போம். காசில்லாமல் கிடைத்தாலும் சும்மா, வேலையில்லாமல் இருந்தாலும் சும்மா, காரணமில்லாமல் செய்தாலும் சும்மா. மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பதால், காசு கட்டாத பிள்ளை காரணமில்லாமல் வீட்டில் படுத்துக் கிடந்தான் என்று நாமே முடிச்சுப் போட்டுவிடுகிறோம். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளைப் பற்றி இதே பக்கத்தில் இதே வாதம் வந்தபோதும் மறுத்தேன், இப்போதும் மறுக்கிறேன்.

நீங்கள் சொல்லும் கல்லூரி நுழைவுத் தேர்வுகளில் ஒன்றான எஸ்ஏடி சனிக்கிழமை காலையில். 8 மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். மையம் பல நேரம் சொந்தப் பள்ளியாக இருக்காது, பக்கத்து ஊராகக்கூட இருக்கும். சனிக்கிழமை விடியலில் பேருந்தே ஓடாத ஊர்கள் அங்கே உண்டு. எம்ஆர்டி ரயிலுக்குப் பழகிய நமக்கு இது உறைக்காது. வீட்டிலிருக்கும் ஒரே காரில் அம்மா வேலைக்குப் போய்விட்டால் தேர்வும் போயிற்று.

இப்போது தேர்வு கணினியில். தேர்வை எழுதுவதற்கான புளூபுக் செயலியை மடிக்கணினியில் இறக்கி, தேர்வுக்கு முந்தைய 5 நாள்களுக்குள் அதில் பதிவை முடித்தால்தான் நுழைவுச்சீட்டு கிடைக்கும். சார்ஜ் மூன்று, நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். கணினி இல்லாதவர் இரவல் கேட்கலாம், ஆனால் 30 நாள்களுக்கு முன்பே கேட்க வேண்டும். கட்டணத் தள்ளுபடி இதில் எதையும் தீர்ப்பதில்லை.

மிச்சிகன் மாநிலம் 2007இல் ஏசிடி என்ற இன்னொரு கல்லூரி நுழைவுத் தேர்வை 11ஆம் வகுப்பினர் அனைவருக்கும் கட்டாயமாக்கி, பள்ளி நாளிலேயே இலவசமாக நடத்தியது. ஜோஷுவா ஹைமன் என்ற பொருளியல் ஆய்வாளர் கணக்குப் பார்த்தார். முன்பு தாமாகவே எழுதிக் கல்லூரிக்குத் தகுதியான மதிப்பெண் வாங்கிய ஏழைப் பிள்ளைகள் 1,000 பேர் என்றால், அதே தகுதியிருந்தும் எழுதாமலே போனவர்கள் இன்னும் 480 பேர்! இவர்களையா அருமை தெரியாதவர்கள் என்பது?

இங்கேயும் 2015 முதல், அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் படிக்கும் குடிமக்களுக்குத் தேசியத் தேர்வுக் கட்டணம் கிடையாது. சும்மாதான் எழுதுகிறார்கள். யாராவது குறை சொல்கிறோமா? தினமும் போகும் பள்ளி, பழகிய மண்டபம். ஒரு மேசை காலியாக இருந்தால் ஆசிரியர் வீட்டுக்குப் போன் போடுவார்.

உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வைத் தனித்தேர்வராக மறுபடி எழுதும் பிள்ளைக்கு அந்தப் போன் வராது. உங்கள் புளோக்கில் அப்படி ஒருவர் இருந்தால், முதல் தாளுக்கு முன்பே ஒருநாள் மையம் வரை கூட்டிப்போய் வழியைக் காட்டுங்கள். நுழைவுச்சீட்டும் அடையாள அட்டையும் பையில் இருக்கின்றனவா என்று முந்தின இரவே கேட்டுவிடுங்கள்.