கேஷும் காசும் ஒன்றா? ஒரே ஒலியில் வரும் ஆங்கிலச் சொற்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களுக்கு எழுத்தும் பொருளும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன? வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தாலும் மறுநாளே குழம்பிவிடுகிறது.

பட்டியலை ஓரமாக வையுங்கள். இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது. அதற்குக் காரணம் எங்கள் கடைப் பலகை.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே அப்பா நோட்டு, பேனா, சாக்பீஸ் விற்கும் கடை வைத்திருந்தார். நான் எட்டாவது படிக்கும்போது பழைய தகரப் பலகை துருப்பிடித்துப்போனதால் புதிதாக எழுதினோம். பெயின்டர் நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் தமிழ்ப் பெயரை அழகாக எழுதி, கீழே ஆங்கிலத்தில் ஸ்டேஷனரி என்றும் போட்டார். கடைசி ஆருக்கு முன்னால் ஈ வரவேண்டிய இடத்தில் ஏ விழுந்திருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. நாலு நாள் கழித்துச் சிவப்பு மை வாங்க வந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, அந்த ஏ-யை ஈ-யா மாத்தச் சொல்லுங்க. இப்போ இருக்கறதுக்கு அசையாம நிக்கிறதுன்னு அர்த்தம்” என்றார். அப்பா முகம் வாடிவிட்டது. “வருத்தப்படாதீங்க, ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான்” என்று சொல்லிவிட்டு, கல்லாப்பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு கால் மணி நேரம் எனக்குக் கதை சொன்னார்.

பழைய ஐரோப்பாவில் வியாபாரிகள் பெரும்பாலும் ஊர் ஊராகத் தலைச்சுமையோடும் வண்டியோடும் அலைந்தார்கள். பல்கலைக்கழகங்களை ஒட்டிப் புத்தகம் விற்றவர்கள் மட்டும் ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டார்கள். லத்தீனில் அவர்களை ‘ஸ்டேஷனாரியுஸ்’, அதாவது நின்ற இடத்தில் நிற்பவர், என்றார்கள். அதுதான் ஆங்கிலத்தில் ஸ்டேஷனர் ஆனது. லண்டனில் அவர்களுடைய சங்கம் 1403இல் தொடங்கி, 1557இல் அரச சாசனம் பெற்றது. ஸ்டேஷனர் விற்கும் பொருள் ஸ்டேஷனரி. பேக்கர் கடைக்கு பேக்கரி என்பது போலத்தான். ஈ-ஆர் என்று முடிகிற ஆள் உள்ளே இருப்பதால் இங்கே ஈ வருகிறது. அசையாமல் நிற்பதைச் சொல்லும் இன்னொரு சொல் லத்தீனின் ஏ-யை அப்படியே வைத்துக்கொண்டது. ஆசிரியர் எதிரே இருந்த பேருந்து நிலையத்தைக் காட்டி, “நில் என்கிறதுல இருந்து நிலையம் வந்த மாதிரிதாம்ப்பா ஸ்டேஷனும்” என்றார். அதன் பிறகு அந்த இரண்டையும் நான் ஒருமுறைகூட மாற்றி எழுதியதில்லை. இப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். இந்தச் சொல் வாரம் ஒருமுறையாவது கண்ணில் படுகிறது.

ஒரே ஒலியுள்ள சொற்களில் ஒரே வேரிலிருந்து பிறந்தவை, உறவே இல்லாதவை என்று இரண்டு வகை உண்டு. நம் மொழியிலேயே இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. திங்கள் என்றால் நிலவு, மாதம், ஒரு கிழமை. மூன்றும் அந்த நிலவிலிருந்து பிறந்தவை. ஆறு என்றால் நதி, ஓர் எண், சூடு தணிவது. நதிக்கும் எண்ணுக்கும் ஓர் உறவும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் இரண்டு சொற்களைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது திங்களா, ஆறா?

திங்கள் வகைக்கு எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ளவர். பூவும் அதுதான், மாவும் அதுதான். பூவுக்கு நடுவில் டபிள்யூவும் ஈ-யும் வரும், மாவுக்கு யூ மட்டும் வரும். பழைய பிரெஞ்சில் பூவைக் குறித்த ஒரே சொல்தான் இரண்டுக்கும் தாய். கோதுமையை அரைத்துச் சலித்தால் கிடைக்கிற மிக நயமான பகுதியை ‘மாவின் பூ’ என்றார்கள். பிரெஞ்சில் இன்றும் அப்படிச் சொல்வதுண்டு. 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியில்கூட மாவுக்குத் தனிச் சொல் இல்லை, பூவின் கீழேயே அதுவும் இருக்கிறது. இதைப் படித்த அன்று அடுக்களையில் அம்மா, “அந்தத் தேங்காய்ப்பூவை எடு” என்றார்கள். துருவி வெள்ளையாக உதிர்ந்ததை நாமும் பூ என்றுதானே சொல்கிறோம்! அதற்கப்புறம் அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் சொல் எனக்கு அந்நியமாகத் தோன்றவே இல்லை.

வங்கித் தேர்வு எழுதுகிற உங்களுக்கு பிரின்சிபல் கட்டாயம் வரும். ஏ-எல் என்று முடிந்தால் கல்லூரித் தலைவர், அல்லது கடனில் வட்டி போக உள்ள தொகை. எல்-ஈ என்று முடிந்தால் கொள்கை. மூன்றும் லத்தீனில் ‘முதலாவது இடத்தை எடுப்பவர்’ என்ற பொருளுள்ள ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. தமிழில் வைத்துப் பார்த்தால் மறக்கவே மறக்காது. கல்லூரியில் இருப்பவர் முதல்வர். கடனில் வட்டியும் முதலும். அவர்கள் எந்த எண்ணத்தில் சொல் செய்தார்களோ அதே எண்ணத்தில்தான் நாமும் செய்திருக்கிறோம். முதல்வர், முதல் என்று தமிழில் சொல்ல முடிகிற இடத்தில் எல்லாம் ஏ-எல் போடுங்கள்.

இனி ‘ஆறு’ போல உறவில்லாத வகை. எங்கோ பிறந்து வழியில் சந்தித்தவை இவை.

கேஷ் என்ற சொல் நம் காசிலிருந்து போனது என்று நிறைய பேர் பெருமையாகப் பகிர்கிறார்கள். இது சரியா, தவறா என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருந்தன. இன்று வங்கியில் புழங்கும் கேஷ், லத்தீனில் பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து இத்தாலியன், பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் பணப்பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணம். கேஷியர் என்பவர் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர், நம் பேச்சில் சொன்னால் கல்லாவில் உட்காருகிறவர். இன்னொரு கேஷ் நம் காசேதான். கடலோரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் காசு என்று கேட்டதைத் தங்கள் மொழியில் பெட்டிக்கு எழுதும் அதே எழுத்தில் எழுதிவைத்தார்கள். பெட்டியும் நாணயமும் அங்கேயே ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆங்கிலேயர் அதை வாங்கிக்கொண்டு நம் சிறு செப்புக்காசுக்கு கேஷ் என்று பெயரிட்டார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு இப்படித்தான் ஓடியது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய் அந்த இடத்துக்கு வரும்வரை இதுதான் கணக்கு.

நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் அப்படி ஒரு செப்புக்காசை என் உள்ளங்கையில் வைத்தார். ஒருபுறம் கம்பெனியின் சின்னம், 1808 என்ற ஆண்டு. திருப்பினால் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் பத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். சென்னைக்காக இங்கிலாந்தில் அடித்த காசு அது. இவற்றைச் சுமந்து வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில்தான் அந்தக் காசுகளைக் கடலுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் உப்பும் புளியும் வாங்கியிருக்க வேண்டிய காசு, நம் சொல்லைத் தன் மேல் பொறித்துக்கொண்டே, 170 வருஷத்துக்கு மேல் ஆங்கிலக் கடலில் கிடந்திருக்கிறது. வங்கியின் கேஷை நமதென்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. இந்தக் கேஷ் நமது. அதைச் சொன்னால் போதும்.

கறியும் இப்படித்தான். சாப்பிடுகிற கர்ரி நம் கறி. பழந்தமிழில் கறி என்றால் மிளகு, பட்டினப்பாலையில் ‘கருங்கறி மூடை’ வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ‘கர்ரி ஃபேவர்’ என்றால் ஒருவரைக் காக்கா பிடிப்பது. அதற்கும் நம் குழம்புக்கும் தொடர்பில்லை. அங்கே கர்ரி என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல், குதிரையைத் தேய்த்துச் சீவிவிடுவது என்று பொருள். பிரெஞ்சுக் கதைப்பாடல் ஒன்றில் ஃபோவெல் என்று ஒரு வஞ்சகக் குதிரை வரும். பதவி வேண்டியவர்கள் எல்லோரும் அதைத் தடவிக்கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அந்தக் குதிரையின் பெயர் ஆங்கிலேயர் காதில் மெல்ல ஃபேவர் ஆகிவிட்டது. குதிரையும் கறியும் பட்டினப்பாலையில் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன, நீரின் வந்த புரவி, காலின் வந்த கருங்கறி என்று. அது தற்செயல்தான், ஆனாலும் இந்த இரண்டு கர்ரிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வரிகள் நினைவுக்கு வரும்.

எங்கள் கடையில் தினமும் புழங்கிய சொல் குயர். “ரெண்டு குயர் நோட்டு ஒண்ணு குடுங்க” என்பார்கள். லத்தீனில் ‘நான்கு நான்காக’ என்ற சொல்லிலிருந்து வந்தது அது. நாலு தாளை மடித்து ஒன்றாகச் செருகினால் ஒரு குயர். பிறகு 24 தாள் என்று ஆகி, இப்போது 25இல் நிற்கிறது. ஆங்கிலேயர் வாயில் அது க்வயர். தேவாலயத்துப் பாடகர் குழுவுக்கும் அதே உச்சரிப்பு. ஆனால் அந்த க்வயர், ஆடிப் பாடும் குழுவைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் தாளுக்கும் குழுவுக்கும் ஒரே எழுத்துதான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படித்தவர்கள் குழுவின் சொல்லைப் பழைய கிரேக்க, லத்தீன் வடிவத்தை ஒட்டி மாற்றினார்கள், சி-எச் உள்ளே வந்தது. உச்சரிப்பு மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

எழுத்து ஏன் இப்படிக் குழப்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது முன்பு உச்சரித்த ஒலியின் தடம். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்ததிலிருந்து எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது. வாய் மட்டும் மாறிக்கொண்டே போனது. இரவைக் குறிக்கும் நைட்டும் வீரனைக் குறிக்கும் நைட்டும் அந்தக் காலத்தில் ஒரே ஒலி கிடையாது. வீரனுக்கு முன்னால் உள்ள கே-யை வாய்விட்டுச் சொன்னார்கள். இரண்டிலும் உள்ள ஜி-எச் நம் ஆய்தம் போல ஒலித்தது. அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலத்தில் நிஃட் என்றால் இரவு, க்னிஃட் என்றால் பையன், ஏவலாள். பிறகுதான் அவன் போர்வீரன் ஆனான், பட்டம் பெற்றான். நம் சேவகன் என்ற சொல்லிலும் வேலைக்காரன், வீரன் என்ற இரண்டும் இருப்பதைப் பாருங்கள்.

இதே ஜி-எச்சை வைத்துத்தான் வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு செய்தியையும் சோதிக்கலாம். எட்டும் எய்ட்டும் ஒன்று என்கிறார்கள். இன்றைய ஒலியை மட்டும் கேட்டால் நம்பத் தோன்றும். ஆங்கிலச் சொல்லின் ஜி-எச் அங்கே முன்பு ஒரு ககர ஹகர ஒலி இருந்ததைச் சொல்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘எஅஃட’, ஜெர்மனில் ‘ஆஃட்’, லத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. நம் எட்டோ பின்னால் போகப் போக எண் ஆகிறது. எண்பது, எண்ணூறு, எண்திசை, குறளின் எண்குணத்தான். எவ்வளவு பின்னால் போகிறோமோ அவ்வளவு தூரம் இரண்டும் விலகிப்போகின்றன. உண்மையிலேயே உறவுள்ள சொற்கள் என்றால் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். ஆங்கிலம் நம்மிடமிருந்து வாங்கியவை கட்டுமரமும் சுருட்டும் கறியும் காசுமாகக் கண்முன்னே இருக்கும்போது, எட்டையும் சேர்த்துச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது பொய்யென்று தெரிந்தவர்கள் உண்மையானவற்றையும் நம்பமாட்டார்கள்.

உங்கள் பட்டியலில் காம்ப்ளிமென்ட் ஜோடி நிச்சயம் இருக்கும். அதை நானே போட்டுக் காட்டிவிடுகிறேன். இரண்டும் லத்தீனில் ‘நிரப்பு’ என்ற வினையிலிருந்து வந்தவை. குறையை நிரப்புகிற சொல் நேரே லத்தீனிலிருந்து எடுத்தது, அதனால் கம்ப்ளீட்டில் எல்லுக்கு அடுத்து இருக்கும் அதே ஈ அதிலும் இருக்கும். பாராட்டைக் குறிக்கும் சொல் ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் என்று சுற்றி வந்ததில் அந்த ஈ, ஐ ஆகிவிட்டது. ஒருவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையை நிறைவேற்றுவது என்பதுதான் அதன் முதல் பொருள். நம் கல்யாண வீட்டில் முறை செய்வது என்கிறோமே, அது. அடுத்து டிஸ்க்ரீட் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் திங்கள் வகைதான், தாய்ச்சொல்லுக்குப் ‘பிரித்தறி’ என்று பொருள். தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதைச் சொல்லும் போது இரண்டு ஈ-க்கும் நடுவில் டி நின்று பிரிக்கும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பிரித்தறிந்து நடக்கிறவரைச் சொல்லும் போது இரண்டு ஈ-யும் ஒட்டி நிற்கும்.