பழைய ஃப்ரிட்ஜில் பீர் நொதிக்க வைக்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே பீர் தயாரித்துப் பழகிவருகிறேன். வெயில் நாட்களில் 20 லிட்டர் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துவிட்டது. நன்றாக ஓடும் பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதன் திருகை எவ்வளவு குறைத்தாலும் உள்ளே 7 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. எனக்கு வேண்டியது 18 டிகிரி. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டுமா, இல்லை ஒரு டைமர் பிளக் போதுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஃப்ரிட்ஜின் உள்ளுறுப்பு எதையும் தொடாமலே இந்த வேலை முடியும். சுவர் பிளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஒரு வெப்பநிலை கன்ட்ரோலரைப் பொருத்துங்கள். சூடு ஏறினால் அது ஃப்ரிட்ஜுக்கு மின்சாரம் விடும், இறங்கினால் நிறுத்திவிடும். ஃப்ரிட்ஜின் சொந்தத் திருகை அதிகபட்சக் குளிரில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பின்னால் பீரை 2 டிகிரிக்கு இறக்க நினைக்கும்போது அது குறுக்கே நிற்கக் கூடாது.

டைமர் ஏன் ஆகாது என்றால், ஈஸ்ட் வேலை செய்யும்போது அதுவே சூட்டை உண்டாக்குகிறது. நொதித்தல் உச்சத்தில் இருக்கும் இரண்டாம் மூன்றாம் நாளில், வாளிக்குள் இருக்கும் பீர் வெளிக்காற்றைவிட 3 முதல் 5 டிகிரி வரை சூடாக இருக்கலாம். ஒரு வாரம் கழித்து அந்தச் சூடு அடங்கிவிடும். மணிக்குப் பத்து நிமிடம் என்று டைமரில் கணக்கு வைத்தால் முதல் வாரம் அது போதாது, அடுத்த வாரம் அதிகமாகிவிடும்.

கன்ட்ரோலரில் இரண்டு வகை பரவலாகப் புழங்குகிறது. எஸ்டிசி-1000 வகை வெறும் கருவியாக வரும். ஒரு பெட்டிக்குள் பொருத்தி, மின்கம்பிகளை நாமே இணைக்க வேண்டும். இங்க்பேர்டு ஐடிசி-308 போன்றவை சாக்கெட்டோடு தயாராக வரும், செருகினால் வேலை முடிந்தது. மின்வேலையில் கை பழகாதவர் என்றால் இரண்டாவதையே வாங்குங்கள். மிச்சம் பிடிக்கும் காசு கரண்ட் ஷாக்குக்கு ஈடாகாது. இரண்டிலுமே குளிர்விக்க ஒன்று, சூடேற்ற ஒன்று என இரண்டு வழிகள் உண்டு. எதை வாங்கினாலும் எர்த் உள்ள பிளக், ஈரம் படாத இடம், முடிந்தால் அந்த லைனுக்கு மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் பிரேக்கர் ஆகியவை அவசியம்.

கன்ட்ரோலர் வாங்குவது சுலபம். அதன் சென்சாரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பீரின் தலையெழுத்து இருக்கிறது. ஃப்ரிட்ஜ் உள்ளே உள்ள காற்றைச் சில நிமிடங்களில் குளிர்வித்துவிடும், ஆனால் 20 லிட்டர் பீரைக் குளிர்விக்க மணிக்கணக்காகும். சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் காற்று 18-ஐத் தொட்டதும் கம்ப்ரசர் நின்றுவிடும். பீர் அப்போது 22-ல் இருக்கலாம், கன்ட்ரோலருக்கு அது தெரியாது. கதவைத் திறந்து மூடினாலே கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும். நானும் முதல் இரண்டு முறை இப்படித்தான் செய்துவிட்டு, திரையில் 18 என்று பார்த்துத் திருப்தியாக இருந்தேன். பீர் என்னவோ நெயில் பாலிஷ் வாசனையோடு வந்தது.

எனவே சென்சாரை வாளியின் வெளிப்பக்கத்தில், உள்ளே திரவம் நிற்கும் மட்டத்துக்குக் கீழே, ஏறத்தாழ நடு உயரத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தெர்மோகோலோ மடித்த குமிழித்தாளோ வைத்து, அதையும் இறுக்கி ஒட்டிவிடுங்கள். இப்போது சென்சார் காற்றை அல்ல, பீரைத்தான் கவனிக்கும். மூடி வழியே உள்ளே இறங்கும் ஸ்டீல் குழாய்க்குள் சென்சாரைச் செருகுவது இன்னும் துல்லியம், ஆனால் அதற்காக அவசரப்பட வேண்டியதில்லை.

அடுத்தது கம்ப்ரசர் தாமதம். கம்ப்ரசர் நின்றதும் குழாயில் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். அது சமமாவதற்குள் மறுபடி மின்சாரம் வந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறி, பல மடங்கு கரண்ட் இழுத்து, சூடாகிக் காவல் ஸ்விட்ச் விழும். இப்படி அடிக்கடி நடந்தால் பழைய கம்ப்ரசர் தாங்காது. கன்ட்ரோலரில் தாமதத்தை 5 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். வயதான பெட்டி என்றால் 10 நிமிடம் வைத்தாலும் பீருக்கு ஒன்றும் ஆகாது. ஏற்ற இறக்க இடைவெளியை, அதாவது குறித்த அளவைவிட எவ்வளவு சூடு ஏறினால் ஃப்ரிட்ஜ் மறுபடி ஓட வேண்டும் என்பதை, 0.5 டிகிரியில் தொடங்குங்கள். நிறுத்திய பிறகும் ஃப்ரீசர் தகடு குளிர்ந்தேதான் இருக்கும் என்பதால் பீர் குறித்த அளவுக்குக் கொஞ்சம் கீழே சரியும். அதிகம் சரிந்தால் இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள்.

உங்களுடையது பழைய ஒற்றைக் கதவு என்பது நல்ல விஷயம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைகளில், முக்கியமாக இன்வெர்ட்டர் கம்ப்ரசரும் மின்னணுப் பலகையும் உள்ளவற்றில், வெளியிலிருந்து மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பது சரிவராது.

கண்ணாடித் தட்டுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள், நிறைந்த வாளி 20 கிலோவைத் தாண்டும். அடியில் பின்பக்கம் கம்ப்ரசருக்காக ஒரு மேடு இருக்கும். அதன் உயரத்துக்குச் சமமாகத் தடித்த பிளைவுட்டில் ஒரு மேடை செய்தால் வாளி சாயாமல் உட்காரும். ஏர்லாக்கோடு (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத, நீர் நிரப்பிய சிறு அடைப்பு) சேர்த்து வாளியின் உயரத்தை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். மேலே ஃப்ரீசர் பெட்டி தட்டுகிறதே என்று அதை வளைக்க முனையாதீர்கள், குளிர்பொருள் ஓடும் குழாயே அதில்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்றால் ஏர்லாக்கை எடுத்துவிட்டு ஒரு ரப்பர் குழாயைத் தண்ணீர் உள்ள ஜாடிக்குள் இறக்கலாம்.

சென்சார் கம்பிக்காகச் சுவரில் ஓட்டை போடுவதை நான் கண்டிப்பாகத் தடுப்பேன். பல மாடல்களில் சூடான குழாய்கள் பக்கச் சுவருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஒன்றைத் துளைத்தால் ஃப்ரிட்ஜ் காலி. அதிலும் பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தால் அது தீப்பற்றும் வாயு. மெல்லிய கம்பியைக் கதவு ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டால் போதும், காந்தம் பிடித்துக்கொள்ளும். ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பரை மாற்றும் காலம் வந்துவிட்டது.

குளிர் இரவுகளில் அறையே 18-க்குக் கீழே போகும் இடம் என்றால் சூடேற்றும் வழியையும் பயன்படுத்துங்கள். வாளியைச் சுற்றும் 25 வாட் பெல்ட் போதும். சிலர் பல்பு வைப்பார்கள், அது எனக்கு உடன்பாடில்லை. ஒளி பட்டால், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவில் உள்ள கசப்புப் பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் பீரில் ஏறும். சூடேற்றுவதும் குளிர்விப்பதும் மாறி மாறி ஓடிச் சண்டை போட்டால் இடைவெளியைக் கூட்டுங்கள்.

சரி, எத்தனை டிகிரி? ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்ட்டுக்கு 18-ல் தொடங்கி, மூன்று நான்கு நாள் கழித்து நொதிப்பின் வேகம் அடங்கும்போது 20, 21-க்கு ஏற்றினால் நொதித்தல் சுத்தமாக முடியும். லாகருக்கு (குளிரில் நொதிக்கும் வகை) 10 முதல் 12. முடியும் தறுவாயில் இரண்டு நாள் 16-க்கு மேல் ஏற்றினால் வெண்ணெய் வாசனை போகும். ஈஸ்ட் பாக்கெட்டில் போட்டிருக்கும் எண் என் எண்ணைவிட மேலானது. கடைசியில் தெளிய வைக்க 2 டிகிரி. அப்போது வாளிக்குள் காற்று சுருங்கி ஏர்லாக் நீரை உள்ளே இழுக்கும், அதனால் ஏர்லாக்கை எடுத்துவிட்டு அந்தத் துளையைச் சுத்தமான ஃபாயிலால் மூடிவிடுங்கள்.

கொதித்த வோர்ட்டை (ஈஸ்ட் சேர்ப்பதற்கு முந்தைய இனிப்பான தானியச் சாறு) ஆற வைக்க இந்த ஃப்ரிட்ஜை நம்பாதீர்கள். 30 டிகிரியிலிருந்து 18-க்கு வரவே ஓர் இரவு ஆகலாம். ஈஸ்ட் போடும் முன்பே கூடியவரை வெளியில் குளிர்வித்துவிடுங்கள்.

மறந்துவிடக் கூடாத இன்னொன்று: 5 சதவீத ஆல்கஹால் உள்ள 20 லிட்டர் பீர், நொதித்து முடிவதற்குள் ஏறத்தாழ 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். உள்ளே தண்ணீர் வடியும் துளையை அடைக்காதீர்கள். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். கதவைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்க்கும் பழக்கம் வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டு போடுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தால் உள்ளே பூஞ்சை வரும். ஒவ்வொரு முறை வாளியை எடுத்ததும் துடைத்து உலர்த்தி, கதவைச் சற்றே திறந்து வையுங்கள்.

எல்லாம் பொருத்தியபின் உடனே பீர் வைக்காதீர்கள். அதே வாளியில் 20 லிட்டர் தண்ணீர் நிரப்பி, சென்சாரை ஒட்டி, 18-ல் இரண்டு நாள் ஓடவிடுங்கள். அவ்வப்போது தண்ணீருக்குள் வேறு ஒரு தெர்மாமீட்டரை இறக்கிப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போனால் அடுத்த முறை தண்ணீருக்குப் பதில் வோர்ட்டை ஊற்றலாம்.