வசந்தப் பாட்டில் ஹாடிடா கத்தலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகள். வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான். வசந்தம் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் எல்லாரும் ‘குயில் கூவுகிறது, பூ பூக்கிறது’ என்றே எழுதித் தருகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் எழுதுவது பாடப்புத்தகத்து வசந்தம். அது சித்திரையில் வரும், வெயிலோடு வரும். நம் ஊரில் செப்டம்பர் 1 அன்று வசந்தம் பிறக்கும்போது நடப்பது ஆவணி. அடுத்து புரட்டாசி விரதம். மழையும் அப்போதுதான் மெல்லத் தொடங்கும். தமிழ்நாட்டுக் குயில் இங்கே கிடையாது. ஆனால் அதன் உறவுக்காரக் குயில் ஒன்று வசந்தத்தில் வந்து மூன்று சுரத்தில் கூவும். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்குப் பெயரே ‘பீட்-மை-ஃப்ரோ’ என்ற அந்தக் கூவல்தான். அதைப் பாட்டில் விடுங்களேன்.

முதல் நாள் நோட்டைத் திறக்க வேண்டாம். பிள்ளைகளை வெளியே நிறுத்தி, என்ன கேட்டது என்று மட்டும் கேளுங்கள். என்ன பார்த்தாய் என்றால் ‘அழகான பூ’ என்பார்கள். (‘அழகு’ என்ற சொல்லுக்கு ஒரு மாதம் லீவு கொடுத்தால் நல்லது.) காதுக்கு வந்தால் சலசல, தடதட, கீச்கீச் என்று இரட்டைச் சொற்கள் வரும். தமிழ் குறைவாகத் தெரிந்த பிள்ளைக்கும் இவை உடனே ஒட்டிக்கொள்ளும்; விகுதி, வேற்றுமை என்று தடுமாற வேண்டியதில்லை. ஹாடிடாப் பறவை கத்தினால் ஹாடிடா என்றே எழுதட்டும். அதன் பெயரும் அதன் கத்தல்தானே.

அடுத்தது ஓசை. ஆங்கிலப் பள்ளிப் பழக்கத்தில் பிள்ளைகள் வரிக் கடைசியில் ஓசை தேடுவார்கள். தமிழில் அது ரொம்பச் சுலபம்: கூவுகிறது, ஆடுகிறது, ஓடுகிறது என்று எத்தனை வரி வேண்டுமானாலும் போகும், பாட்டு மட்டும் வராது. வரியின் தொடக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். முதல் எழுத்து ஒத்து வருகிற மோனை இந்த வயதுக்குப் போதும். இரண்டாம் எழுத்து ஒன்றுகிற எதுகையை அடுத்த வருடம் பார்க்கலாம். இப்படி:

தடதட மழை
தகரக் கூரையில்
ஆயா ஓடி வந்து
அள்ளினாள் துணியை

த-வுக்குத் த, ஆ-வுக்கு அ. குறிலும் நெடிலும் மோனையில் சேரும், அதனால் பிள்ளைகளுக்குச் சொல் தேட இடம் தாராளமாக இருக்கும். ‘வசந்தம்’ என்ற சொல்லே இதில் இல்லை, கவனியுங்கள்.

பொருள் கிடைக்காத பிள்ளைக்கு மாம்பூவைக் கையில் கொடுத்து நசுக்கி முகரச் சொல்லுங்கள். இலையே இல்லாத கிளையில் சிவப்பாகப் பூக்கிற கோரல் மரமும் நல்ல பொருள்தான். நம் முள்முருங்கைக்கு அது சொந்தம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பிள்ளைகள் இருந்தால் அக்டோபர் வரை பொறுங்கள், ஜகராண்டாப் பூ கொட்டி ரோடே ஊதாவாகிவிடும்.

எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ‘அள்ளினாள்’ என்பதை ‘அல்லினால்’ என்று எழுதினால் அன்றைக்கே சிவப்பு மை வேண்டாம். பாட்டை இரண்டு தடவை சத்தமாகச் சொல்லவிட்டு, அடுத்த சனிக்கிழமை திருத்துங்கள்.