சித்தாளுக்கு மயக்கம்: தண்ணீர் கேன் மட்டும் போதுமா?

கேள்வி: வேலூர் பக்கம் கட்டட மேஸ்திரியாக இருக்கிறேன். என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். போன வாரம் மதியம் இரண்டு மணிக்கு, மணல் சுமந்த சித்தாள் அக்கா ஒருவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். சோடா கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். சைட்டில் எப்போதும் தண்ணீர் கேன் இருக்கிறது. வேறு என்ன செய்ய வேண்டும், டாக்டர்?

பதில்: கேன் இருக்கிறது, சரி. அந்த அக்கா அன்று எத்தனை டம்ளர் குடித்தார்? சைட்டில் கழிப்பறை இருக்கிறதா? நீர்க்கடுப்போடு என்னிடம் வரும் சித்தாள் பெண்களைக் கேட்டால், "தண்ணி குடிச்சா ஒதுங்க இடம் வேணுமே சார்" என்பார்கள். காலையிலிருந்து தொண்டையை நனைப்பதோடு சரி. வருடக்கணக்கில் இப்படியே போனால் சிறுநீரகமும் கெடலாம். அதனால் நான் முதலில் எழுதித் தருவது கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிப்பறைதான்.

அது வந்த பிறகு, 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. நடுவில் உப்புப் போட்ட மோர், நீராகாரம் நல்லது. வியர்த்துக் கொட்டும் நாளில் ஓஆர்எஸ் பாக்கெட்டை 1 லிட்டரில் கரைத்துக் கொடுங்கள். சோடா இதற்கு ஈடாகாது.

தளம் போட்டால் அது காய்ந்துவிடாமல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறீர்கள், தூணுக்கு ஈரச் சாக்குச் சுற்றுகிறீர்கள். ஆட்களுக்கு மட்டும் நிழல் இல்லை! சுமை வேலையை விடிகாலைக்கு மாற்றுங்கள். 12 முதல் 3 மணி வரை கீற்றுப் பந்தலில் ஓய்வு, அல்லது உள்பூச்சு மாதிரி நிழல் வேலை.

புது ஆட்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கி, நேரே கம்பி கட்டப் போகும் வடமாநிலத் தம்பிகளை நினைத்தால் எனக்குப் பயம்தான். வெயில் வேலைக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெயிலில் விடுங்கள். பிறகு தினமும் அதே அளவு கூட்டுங்கள். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்புகிறவரையும் முதல் நாளே முழு வெயிலில் இறக்காதீர்கள்.

ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கு, உயிருக்கே ஆபத்து. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கடும் உழைப்பில் விழுகிறவருக்கு வியர்த்துக்கொண்டேயும் இருக்கும். 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காமல், நிழலில் கிடத்தி, தளத்தை நனைக்கும் கியூரிங் ஓஸிலிருந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் விட்டு விசிறுங்கள். (ஓஸில் முதலில் வருவது கொதிநீராக இருக்கும், அதை ஓடவிட்டுவிடுங்கள்.) நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

அப்புறம், அந்த அக்கா. மறுநாளே வந்துவிட்டார் என்பதால் விட்டுவிட வேண்டாம். ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் உண்டா, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் போக மாட்டார்.