முக்கோணியின் அடி எப்போதும் கீழேயுள்ள பக்கம்தானா?

இல்லை. கீழே வரைந்து பழகியதால் வந்த மயக்கம் அது. எந்தப் பக்கத்தையும் அடியாக எடுக்கலாம். எதிர் உச்சியிலிருந்து அதற்கு உள்ள செங்குத்துத் தூரமே உயரம்.

கிளிநொச்சியில் வாய்க்கால் மூலை வெட்டிய வயல் துண்டொன்றை நினையுங்கள்: பக்கங்கள் 30, 40, 50 மீற்றர். 30உம் 40உம் செங்கோணத்தில் சந்திப்பதால், 40ஐ அடியாக எடுத்தால் உயரம் 30. வாய்க்காலோரத்து 50ஐ எடுத்தால் உயரம் 24. இரண்டிலும் பரப்பளவு 600 சதுர மீற்றர்தான். படுத்துக்கிடக்கும் வயலில் எது ‘கீழ்’?

திண்மங்களில்தான் பிள்ளைகள் கூடுதலாக இடறுவார்கள். இரணைமடுக் குளக்கட்டின் ஒரு நேரான துண்டை அரியமாக (நீளம் முழுதும் ஒரே குறுக்குவெட்டுள்ள திண்மமாக) கருதினால், நிலத்தில் படிந்த முகம் அதன் அடியல்ல. குறுக்கே வெட்டினால் தெரியும் சரிவகம்தான் அடி. துண்டின் நீளம்தான் ‘உயரம்’. மண்ணின் கனவளவு வேண்டுமென்றால் சரிவகத்தின் பரப்பளவையும் அந்த நீளத்தையும் பெருக்குங்கள்.